நம் காசு யாருக்குக் கடனாகப் போனது?

தஞ்சோங் ரம்புத்தானில் பால்மரம் வெட்டிப் பணம் சேர்த்தவர் என் அம்மா. அண்மையில் ஒரு வங்கியின் நிலைத்தன்மை அறிக்கையை அவருக்குப் படித்துக் காட்டினேன். மாற்றிய விளக்குகள், மிச்சம் பிடித்த காகிதம் என்று பக்கம் பக்கமாக வந்தது. படங்கள் பிரமாதம்!

“நம்ம காசை யாருக்குக் கடன் கொடுத்தாங்கன்னு போட்டிருக்கா?” என்றார் அம்மா.

கேட்க வேண்டியது அதுதான். கிந்தாவின் சுண்ணாம்புக் குன்றுகளை உடைத்து ஓடும் சிமெண்டு ஆலை, நிலக்கரி மின் நிலையம் போன்றவற்றுக்கு வங்கி கடன் கொடுத்தால், அந்தப் புகையிலும் அதற்குப் பங்குண்டு. பேங்க் நெகாரா 2021 ஏப்ரலில் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. பருவநிலைக்கு உதவுபவை, மாறி வருபவை, கண்காணிக்க வேண்டியவை என்று வங்கிகள் கடன்களைப் பிரிக்க வேண்டும். 2040-க்குள் நிலக்கரிக்குக் கடன் கொடுப்பதிலிருந்து விலகுவதாக சிஐஎம்பி 2020 டிசம்பரில் அறிவித்தது. நல்ல வாக்கு. ஆண்டுதோறும் எவ்வளவு குறைந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டாமா?

அடுத்த முறை உங்கள் வங்கிக் கிளைக்குப் போகும்போது, நிலக்கரிக் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். முகப்பில் இருப்பவர் விழிப்பார், பாவம். அறிக்கையில் எந்தப் பக்கம் என்றாவது கேட்டு வாருங்கள்.