பெடல் இல்லாத முதல் சவாரி

திருவனந்தபுரத்தில் குழந்தைக்கு முதல் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? வளரும் பிள்ளைதானே என்று பெரிதாக எடுத்துவிடாதீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். வயதைவிட அதுதான் கணக்கு. கடையிலேயே பிரேக்கைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குன்றுகள் மேல் எழுந்த ஊர் இது, தெருவுக்குத் தெரு இறக்கம். பிஞ்சு விரலுக்கு பிரேக் எட்டவில்லையா, வேறு வண்டி பாருங்கள்.

பக்கச் சக்கரம் வேண்டாம் என்பேன். அது வண்டியைச் சாயவே விடாது; சாய்ந்து நிமிர்வதில்தான் பேலன்ஸ் வரும். பெடல்களைக் கழற்றிவிட்டு, சமதளத்தில் காலால் உந்திப் பழகட்டும். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது! கால்களைத் தூக்கியபடி போக வந்ததும் பெடலை மாட்டுங்கள். ஒன்று: இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். அதைக் கழற்ற வலமாகத் திருப்ப வேண்டும்.