வருமுன் காக்கும் கணக்கு



விபத்து நேர்ந்தபின் ‘எல்லாம் விதி’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது நம்மிடையே உள்ள பழக்கம். ஆயினும், ஆபத்தை முன்கூட்டியே கணக்கிட முடியும். 1654-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டம் பற்றிய ஒரு வினாவுக்கு விடை காண எழுதிக்கொண்ட கடிதங்களில் நிகழ்தகவுக் கணிதம் வேர்விட்டது. அதுவே பின்னர்க் காப்புறுதிக்கும் தொழிற்பாதுகாப்புக்கும் அடிப்படையாயிற்று.

நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் உரியது. 2024 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், இடர்களை மதிப்பிடுவதை முதலாளியின் கடமையாக்கியுள்ளது.

முறை எளிதே. ஆபத்து நேரும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். அதன் கடுமைக்கும் அவ்வாறே. இரண்டையும் பெருக்க வேண்டும். விடியுமுன் மரம் சீவச் செல்லும் சரிவில் வழுக்கி விழும் வாய்ப்பு 4, கடுமை 4 எனில், விடை 16. 15-உம் அதற்கு மேலும் வந்தால் உடனே தடுத்தாக வேண்டும்.

தடுப்பதிலும் வரிசை உண்டு. ஆபத்தை அறவே நீக்குவதே முதன்மை. கையுறையும் முகமூடியும் இறுதிக் காப்பே. 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் களைக்கொல்லி தடைசெய்யப்பட்டது இவ்வழியிலேயாம்.

நிரையில் உள்ள குழியையும் குளவிக்கூட்டையும் அன்றாடம் நடக்கும் நாமே அறிவோம். அவற்றை மண்டோரிடம் தயங்காது கூறுவோம். உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிடில், தக்க காரணத்துடன் அவ்விடம் விட்டு விலகவும் சட்டம் நமக்கு உரிமை தருகின்றது. காலையில் சென்றவர் மாலையில் நலமே வீடு திரும்புவதே இக்கணக்கின் பயன்.