ஏடுகள் இடம்பெயரும் வழி

தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து இரண்டு முறை நிறுக்கப்படுகின்றது. மலையிற் பறித்த கொழுந்தை நிறுத்து, கணக்கப்பிள்ளை அவரவர் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வார். அதே கொழுந்து தொழிற்சாலையை அடைந்ததும் அங்கே மறுபடியும் தராசில் ஏறும். இரண்டு நிறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படின் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். ஓரிடத்திற் கொடுத்தது மறு இடத்தில் முழுமையாய்ச் சேர்ந்ததா என்பதை அறிவதற்கு இதனினும் எளிய வழி கிடையாது. அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்பவர்க்கு இம்முறை புதிதன்று. கணினியிற் சேமித்த ஏடுகளை ஒரு குழுவிடமிருந்து மற்றொரு குழுவிடம் ஒப்படைக்கும் இன்றைய தொழில்நுட்பமும் இதே அடிப்படையில்தான் அமைந்துள்ளது.

ஏடுகள் இடம்பெயர்வதிற் சிறு பிழை நேர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் வினவலாம். மலையக மக்களின் வரலாறே அதற்கு விடை கூறும். முன்னாளில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்திற்குச் செல்வதற்குத் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டியிருந்தது. அவர் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். 1921 ஆம் ஆண்டின் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆயினும் காகிதத்தின் ஆட்சி ஒழியவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் உரிமை கோரியோர், 1946 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளுக்கு முற்பட்ட ஏழு அல்லது பத்து ஆண்டுகள் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். உரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேர். சான்றுகளைக் காட்ட இயலாமையால் வாடியோர் அவர்களிற் பலர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்தது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோர்க்கு உரிமை வழங்கியபோதும், 1964 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தமையே அதற்கு அடிப்படையாயிற்று.

ஆகவே, பிறப்புப் பதிவு, செக்ரோல் பக்கம், பாடசாலை வரவுப் பதிவேடு, பழைய கடவுச்சீட்டு ஆகியவை இம்மலைகளில் வெறுங் காகிதங்கள் அல்ல. அவை அழிவதற்கும் பல வழிகள் உள்ளன. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவிற் புதைந்தன. ஓரிடத்தில் மாத்திரம் இருக்கும் ஏடு, நெருப்புக்கோ மண்ணுக்கோ ஒரே நாளில் இரையாகிவிடும். ஒளிவருடிய படிகளைப் பல இடங்களில் வைத்துக் காப்பதே இதற்கு மாற்று. 2005 ஆம் ஆண்டிலே தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், மலையக நூல்களையும் இதழ்களையுங்கூடத் தன்னிடத்தே சேர்த்துள்ளது.

இனி, செய்முறையைக் காண்போம். அட்டனில் ஒரு குழு பழைய ஏடுகளை ஒளிவருடுகின்றது என்றும், கொழும்பில் மற்றொரு குழு அவற்றை வகைப்படுத்திக் காக்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். இரு குழுக்களும் முகிற் களஞ்சியங்களைப் பயன்படுத்துகின்றன. முகில் என்றதும் நேயர்கள் நுவரெலியாவின் மூடுபனியை நினைத்தல் வேண்டா. தொலைவிலுள்ள பெருங் கணினிகளில் வாடகைக்குப் பெற்ற இடமே அது. ஒரு குழுவின் களஞ்சியத்துக்குள் மற்றொரு குழு தானாக நுழைய இயலாது. ஒவ்வொன்றுக்கும் தனித் திறவுகோல் உண்டு.

பத்து ஏடுகளாயின் கையினாலேயே இழுத்துப் போட்டுவிடலாம். பதினாயிரம் பக்கங்களாயின் கை சோரும், கண் தவறும். எது போயிற்று, எது நின்றது என்பதற்குப் பதிவும் இராது. ஆதலின் அறிந்தோர் கட்டளைவரிக் கருவியை நாடுவர். எங்கிருந்து, எங்கே, எதை, எவ்வாறு என்னும் நான்கினையும் ஒரே வரியில் எழுதிக் கணினியை ஏவுவதே கட்டளைவரி. 1996 ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கராஸ் என்னும் ஆஸ்திரேலியர் இருவர் வெளியிட்ட 'ஆர்சிங்க்' இத்தகையது. இருபுறத்து ஏடுகளையும் ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது அதன் சிறப்பு. அதன் வழிவந்த 'ஆர்குளோன்' பல்வேறு நிறுவனங்களின் முகில்களுக்கிடையே ஏடுகளைக் கொண்டுசெல்லும். இணைப்பு நடுவில் அறுந்தாலும் அதே கட்டளையை மீண்டும் எழுதினாற் போதும். சென்றவற்றை விட்டு எஞ்சியவற்றை அனுப்பும். இணைப்பு நலிந்த மலைப்பகுதிக்கு இஃது ஏற்ற பண்பு.

ஆயின், கட்டளை சொல்லைக் கேட்குமேயன்றிக் கருத்தைக் கேளாது. 'நகலிடு' என்பது வேறு, 'ஒத்திசை' என்பது வேறு. நகலிட்டால் இல்லாதவை சேரும். ஒத்திசைத்தால், அனுப்பும் இடத்தில் இல்லாதவை பெறும் இடத்திலிருந்தும் நீக்கப்படும். வெறுமையான ஓர் அடைவைத் தவறுதலாக மூலமெனக் காட்டி ஒத்திசைத்தால், பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் மறைந்துவிடக்கூடும். இதனாலன்றோ இக்கருவிகளில் ஒத்திகை என்றொரு வழி வைத்துள்ளார்கள்! எதனையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் அது பட்டியலிட்டுக் காட்டும். ஒத்திகை பாராது ஏவுதல், கயிற்றைச் சோதியாது கிணற்றில் இறங்குவதை ஒக்கும்.

அனுப்பியபின் இரண்டாம் நிறுவை வேண்டும். ஒவ்வோர் ஏட்டுக்கும் கணிதத்தால் ஒரு சரிபார்ப்புத் தொகை காணலாம். பரவலாக வழங்கும் ஒரு முறையில் அது 64 குறியீடுகளைக் கொண்டது. ஏட்டில் ஓர் எழுத்து மாறினும் அத்தொகை முற்றிலும் வேறாகிவிடும். அமெரிக்கக் காங்கிரசு நூலகமும் கலிபோர்னிய எண்ணிம நூலகமும் உருவாக்கிய 'பேக்கிட்' என்னும் முறை, ஏடுகளையும் அவற்றின் சரிபார்ப்புத் தொகைகளையும் ஒரே பொதியாகக் கட்டுகின்றது. 2018 ஆம் ஆண்டில் அது இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 8493 ஆம் எண்ணுடன் வெளியாயிற்று. தோட்டப் பெயர், தரம், பொதிகளின் தொகை, நிறை ஆகியவற்றை எழுதியே தேயிலை கொழும்புக்கு அனுப்பப்படுவதை இங்கு ஒப்பிடலாம்.

தமிழ் ஏடுகளுக்கு மேலும் இரு இடர்கள் உண்டு. இலங்கை அச்சகங்கள் பல்லாண்டு பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் அமைந்த ஏடு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றியபின்னரே அது தமிழாகும். ஒருங்குறியிலும், 'கொழுந்து' என்னும் சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம்; முன்னொரு குறி, பின்னொரு குறி எனப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினி அவற்றை இரு வேறு பெயர்களாகக் கொண்டு, ஓர் ஏட்டை ஈரேடாகச் சேமிக்கலாம். அனுப்புமுன் பெயர்களை ஒரே வடிவுக்குக் கொணர்தல் இதற்கு மருந்து. இதனோடு, ஒரு தோட்டத்துக்கு அலுவலகத்தில் ஒரு பெயரும் மக்கள் நாவில் வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்குவதுண்டு. ஏட்டைப் பற்றிய குறிப்பில் இரண்டையும் எழுதாவிட்டால், ஏடு பத்திரமாகச் சேர்ந்தும் தேடுவோர்க்குக் கிட்டாது. கிட்டாத ஏடு இல்லாத ஏட்டுக்குச் சமம்.

எல்லாவற்றையும் எல்லாரும் காணுமாறு அனுப்புவதும் முறையன்று. இதழ்களும் துண்டுப்பிரசுரங்களும் பொதுச் செல்வம்; ஒருவரது பிறப்புப் பதிவோ அவருக்குரிய பொருள். ஓரிடத்தில் மறைவாக வைக்கப்பட்டது, இடம்பெயர்ந்த பின்னும் மறைவாகவே இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். களஞ்சியங்களுக்கிடையே ஏட்டைக் கொண்டுசெல்லும் கருவி, யார் காணலாம் என்னும் விதியையும் உடன்கொண்டு செல்லும் என்று நம்பிவிடலாகாது.

முறைப்படி செய்வோர் முதலிற் பட்டியலிடுவர், அடுத்து ஒத்திகை பார்ப்பர், பின்னர் நகலிடுவர், அதன்பின் ஒப்பிடுவர். பெற்ற குழு சரியென எழுத்தில் அறிவிக்கும் வரை மூலப் படியை அழிக்கமாட்டார். இவை யாவும் ஒரு பாடசாலைக் கணினி அறையில், உயர்தர வகுப்பு மாணவர் சில நாட்களிற் பயிலக்கூடியவை. கருவிகளுக்கு விலையும் இல்லை. பாட்டன் பாட்டியரின் பெயர் எழுதப்பெற்ற பக்கங்களை அவர்தம் பேரப்பிள்ளைகளே எண்ணி, நிறுத்து, குறைவின்றி ஒப்படைப்பார்களாயின், சான்று இல்லையென்று ஒரு மனிதனைத் திருப்பி அனுப்பும் நாள் இம்மலைகளுக்கு மீண்டும் வாராதிருக்க அது துணைசெய்யும்.