கையெழுத்துக்காகக் காத்திருக்கிறவர்கள்

(ஆய்வு மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆய்வு நெறியாளர் எப்படி இருக்கணும்னு பேசச் சொல்லியிருக்காங்க. எப்படி இருக்காங்கன்னு முதல்ல பேசிடுவோம்.

நெறியாளர்னு எழுதுறோம். வாயில வர்றது 'கைடு'தான். அந்தக் கைடு கையில என்ன இருக்கு? கையெழுத்து. தலைப்பு பதிவு செய்ய, உதவித்தொகை வாங்க, களப்பணிக்குப் போக, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க, அப்புறம் வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்க, எல்லாத்துக்கும் அது வேணும். அஞ்சு வருஷம் ஒருத்தர் கையெழுத்தை நம்பிக் காத்துக் கிடக்கிறது நமக்குப் புதுசில்ல. நம்ம பாட்டன் பண்ணையார் வாசல்ல நின்னான். வாசல் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வுத்தொகை மாதம் 37,000, முதுநிலை 42,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு உயர்த்தியது. 'உனக்கென்னப்பா' என்கிறான் வெளியிலிருந்து பார்க்கிறவன். மாசாமாசம் வந்தால்தானே பணம்! ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா எழுதி வைத்த கடைசிக் கடிதத்தில், வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகைக் கணக்கும் இருந்தது. ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். அது தன் குடும்பத்துக்குப் போய்ச் சேரணும்னு கேட்டிருந்தார். படிக்கிற பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்புறது நம்ம வீடுகள்லதான் நடக்குது. உதவித்தொகைக் கையெழுத்தை ஒரு மாசம் தள்ளிப் போடுற கைடுக்கு, அந்த மாசம் ஒரு வீட்டில் அரிசி இல்லை என்பது தெரியாது. தெரிஞ்சே செய்கிறவர்களும் உண்டு.

நான் பதிவு செய்யப் போனபோது என் நெறியாளர் கேட்ட முதல் கேள்வி 'எந்த ஊரு?' சொன்னேன். 'ஊருக்குள்ளயா, காலனியா?' அதுக்கும் சொன்னேன். என் முதல் இயல் அவர் மேசை டிராயர்ல எட்டு மாசம் தூங்குச்சு.

தலைப்புக்கு வருவோம். தொல்காப்பியத்தில் வேற்றுமை பத்தி ஆராயணும்னு ஒரு பையன் போறான். 'உனக்கு எதுக்குப்பா அது, தலித் நாவல் ஒண்ணு எடுத்துக்கோ' என்கிறார் ஒருத்தர். சாதி பத்தி ஆராயப் போனவளிடம் 'அதெல்லாம் அரசியல், ஆய்வாகாது' என்கிறார் அடுத்த அறைக்காரர். ரெண்டும் ஒரே வேலிதான்.

அம்பேத்கர் 1913ல் கொலம்பியாவுக்குப் போனார். அங்கே அவருக்கு நெறியாளர் பொருளாதாரப் பேராசிரியர் செலிக்மன். பொது நிதி பத்தி ஆய்வு செய்துகொண்டிருந்த அதே மாணவர்தான் 1916ல் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பத்திக் கட்டுரை வாசிச்சார். லண்டனில் எட்வின் கேனன். ரூபாய்ப் பிரச்சினை பத்திய நூல் 1923ல் வந்தபோது, அம்பேத்கரின் வாதங்கள் பலவற்றை ஏற்காத கேனன், அதைச் சொல்லியே முன்னுரை எழுதிக் கொடுத்தார். வெள்ளைக்காரன் எல்லாம் உத்தமன்னு சொல்ல வரலை. 'எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் உன் புத்தகம் வெளிவரணும்' என்று நிற்கிற ஆசிரியர் நம்ம துறைகள்ல எத்தனை பேர்?

நம்ம ஆட்கள் நெறியாளரானா எல்லாம் சரியாயிடும்னு நான் நம்பலை. மாணவனை ரேஷன் கடைக்கு அனுப்புற நம்மாளையும் பார்த்திருக்கேன். தவிர, மானியக் குழு விதிப்படி பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நாலு பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். நம்ம பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஆளைத் தேடிப் போனா இடம் எங்க இருக்கு? மத்தவங்க அறைக் கதவையும் தட்டியாகணும். தட்டும்போது கையில் காகிதம் இருக்கட்டும். எந்தத் தேதியில் இயல் கொடுத்தேன், என்ன திருத்தம் சொன்னார்னு எழுதி, ஒரு நகல் அவருக்கே அனுப்பிடுங்க. ஆய்வு ஆலோசனைக் குழு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். கூடலைன்னா கடிதம் போடுங்க. நெறியாளரை மாத்தக் கேட்கிறது குத்தமில்ல. ஆனா தனியா கேட்காதீங்க, ரெண்டு பேர் கூடப் போங்க.

ஏற்கெனவே பட்டம் வாங்கினவங்களுக்கு ஒண்ணு: வருஷத்துக்கு ஒரு இளையவரோட ஒரு இயலையாவது சிவப்பு மையோட படிச்சுக் கொடுங்க. நம்ம பிள்ளைக்குத் தட்டிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க. தப்பைச் சொல்லத்தான் ஆளில்ல.

அடுத்த மாசம் நம்ம பெண் ஒருத்திக்கு வாய்மொழித் தேர்வு. அது பொதுவில் நடக்கிறது, ஆய்வு மாணவர்கள் போய் உட்காரலாம். பத்துப் பேராவது வாங்க. முன்வரிசையில் உட்காருங்க.