தாய் சொன்ன சொல்



மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை நீங்கள் அறிவீர்கள். வாரணாசியைச் சேர்ந்த அந்தணன் ஒருவனின் மனைவி சாலி. ஒழுக்கம் தவறியவள் என்று காப்பியம் அவளைச் சொல்கிறது. குமரியில் நீராடிப் பாவம் தீர்க்கத் தென்திசை வருகிறாள். வழியில் ஓர் இரவு குழந்தையைப் பெற்று, ஆள் காணாத தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஏழு நாள் ஒரு பசு அக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்க்கிறான்.

அமுதசுரபி ஏந்திய ஆபுத்திரனைத்தான் நாம் மாணவருக்குப் படிப்பிக்கிறோம். தாயை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் அவளும் அக்காப்பியத்தில் வாய் திறந்து பேசுகிறாள். வழியில் கண்ட அந்தணன் ஒருவன் ஊரையும் வந்த காரணத்தையும் கேட்க, நடந்ததைச் சொல்லி, தீவினை செய்த தனக்கு நற்கதி உண்டோ என்று அழுகிறாள். கேட்டவன் என்ன செய்தான்? வேள்விப் பசுவை மீட்ட ஆபுத்திரனோடு அந்தணர் பூசலிட்ட வேளையில், அந்த இரகசியத்தை எல்லார் முன்னும் எடுத்து வைத்தான். தாயின் அழுகை மகனைப் பழிக்கும் சொல்லாயிற்று.

ஒரு பெண்ணின் நினைவு, அதைக் கேட்டவர் கையில் என்ன ஆகிறது? நம் காலத்திலும் இக்கேள்வி எழுந்திருக்கிறது.

அயர்லாந்தில் மணமாகாமல் கருவுற்ற பெண்களை உறவினர் கண்ணில் படாமல் வைத்திருக்க இல்லங்கள் இருந்தன. அவற்றுட் பலவற்றைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினர். 1922 முதல் 1998 வரையான காலத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 2021 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஆராயப்பட்ட 18 நிலையங்களில் ஏறத்தாழ 56,000 தாய்மார் இருந்தனர். சுமார் 9,000 குழந்தைகள் இறந்தன. அயர்லாந்துப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஆணைக்குழுவின் ஒரு பிரிவு, அங்கே வாழ்ந்தவர்களின் சொந்த நினைவுகளைத் திரட்டியது. ஏறத்தாழ 550 பேர் பேசினர். பலருக்கு அதுவே பிறர் முன் வாய் திறந்த முதல் நாளாக இருந்திருக்கும். ஆனால் சத்தியம் செய்து அளிக்கப்படாத சாட்சியம் என்று, முடிவுகளை எழுதும்போது அவர்கள் சொல்லுக்கு உரிய கனம் கொடுக்கப்படவில்லை. ஒலிப்பதிவுகளும் அழிக்கப்பட்டிருந்தன. அழிக்கப்படும் என்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை எனச் சிலர் முறையிட்டனர். கூக்குரல் எழுந்த பின்னரே, காப்புப் பிரதிகளிலிருந்து அவை மீட்கப்பட்டன. தங்களை இனங்காணக்கூடிய பகுதிகளை வெளியிடுமுன் காட்டாமல் விட்டது எட்டுப் பேரின் உரிமையை மீறிய செயல் என்பதை, அதே ஆண்டு டிசம்பரில் அரசு நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டது.

அந்த எட்டுப் பேருள் ஒருவர் பிலோமினா லீ. 1952இல், தம் பத்தொன்பதாம் வயதில், ரொஸ்கிரே என்ற ஊரின் மடத்தில் ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றவர். மூன்று வயதில் பிள்ளை அமெரிக்காவுக்குக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தம் மற்றைய பிள்ளைகளிடம் அதை அவர் சொல்லவில்லை. மகனும் தாயைத் தேடி அம்மடத்துக்கு வந்தான். தாயும் மகனைத் தேடிப் போனார். இருவருக்கும் விடை கிடைக்கவில்லை. 1995இல் இறந்த மகன், தன்னை அம்மடத்து மண்ணிலேயே அடக்கம் செய்யச் செய்தான். தாய் என்றாவது அவ்விடம் வருவார் என்ற நம்பிக்கைதான். அவர் வந்தார்.

இது எங்கோ தொலைதூரத்துக் கதை என்று இருந்துவிட முடியாது. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் மகவேற்புக்காக ஐரோப்பா சென்றன. அவர்களைப் பெற்றவர்களுள் மணமாகாத பெண்களும் இருந்தனர், வறுமையால் கைவிட்ட தாய்மாரும் இருந்தனர். பொய்ப் பத்திரங்கள் எழுதப்பட்டதும், பெற்றவளுக்குப் பதிலாக வேறொரு பெண் தாயாக நடித்ததும் பின்னர் வெளிவந்தன. 2020 டிசம்பரில் சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது.

இன்று அந்தப் பிள்ளைகள் நாற்பதைத் தொட்டும் கடந்தும் தாயைத் தேடி இங்கே வருகிறார்கள். பத்திரம் பொய் என்றால், மிஞ்சுவது தாயின் ஞாபகம் ஒன்றுதான். அந்தத் தாய்மார் முதுமையை அடைந்துவிட்டார்கள்.

நான் வீரமுனையிலிருந்து பேசுகிறேன். 1990இல் எங்கள் ஊர் இழந்தவர்களை ஆண்டுதோறும் கூடி நினைவுகூருகிறோம். அத்துயரம் பெரிது, ஆனால் அழுவதற்குப் பக்கத்தில் ஆள் உண்டு. நான் சொல்லும் தாய்க்கு அந்தத் துணையும் இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று அறியாள். பிறந்த நாளை யாரிடமும் சொல்லாள். கணவனும் மக்களும் அறியாத ஒரு திகதியை மனதில் வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்பாள்.

அவளிடம் நினைவு கேட்கப் போகிறவர் சில கடமைகளை உணர வேண்டும். அவளே சொல்ல விரும்பினால் மட்டும் கேட்க வேண்டும். வீட்டார் அறியாத செய்தி வீதிக்குப் போகாதபடி காக்க வேண்டும். அவள் சொன்ன சொல்லை நம் சொல்லால் திருத்தக் கூடாது. எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டி, வேண்டாம் என்ற வரியை நீக்க வேண்டும். இப்பகுதி நாட்டார் கவிகளைத் தொகுத்த பெரியோர் பாட்டைக் காப்பாற்றித் தந்தனர். பாடிய பெண்ணின் பெயர் பெரும்பாலும் நம்மிடம் வந்து சேரவில்லை. இங்கோ, பெயரைச் சொல்வதும் மறைப்பதும் அவள் விருப்பமாக இருக்கட்டும்.

அவளைக் குறிக்க நம் மொழியில் வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை வசைச்சொற்கள். 'தாய்' என்ற ஒரு சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் எந்த அடைமொழியும் சேர்க்காமல் அவளை அழைத்துப் பழகுவோம். அதன் பின்னர், அவள் விரும்பினால், பேசுவாள்.