சமூகப்பணி வகுப்பைப் பூட்ட விடமாட்டோம்

(திருத்தணியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டு நாடாளுமன்றம் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தில் மனநல சமூகப்பணியாளர் என்று ஒருவர் வருகிறார். அவர் யார் என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது. சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு வருடம் முழுநேரமாகப் படித்து, நோயாளிகளோடு நேரடியாகப் பயிற்சி பெற்று, மனநல சமூகப்பணியில் எம்.ஃபில். வாங்கியிருக்க வேண்டும். இது நாடாளுமன்றம் வைத்த நிபந்தனை.

ஐந்தே வருடம் கழித்து, 2022 நவம்பரில், பல்கலைக்கழக மானியக் குழு என்ன செய்தது? எம்.ஃபில். என்ற பட்டமே இனி கிடையாது என்று விதி போட்டது. பிறகு 2024 தொடக்கத்தில், மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை ஆள் சேர்த்துக்கொள்ளலாம் என்று தவணை கொடுத்தது. கேட்கிறேன், தோழர்களே: இன்னார்தான் வேண்டும் என்று ஒரு கை சட்டம் எழுதுகிறது, அந்த இன்னாரை உருவாக்கும் படிப்புக்கு இன்னொரு கை கெடு வைக்கிறது. இரண்டும் டெல்லியின் கைகள்தானே? படிப்பை மாற்ற வேண்டும் என்றால் மாற்றுங்கள். புதிய படிப்பைத் தொடங்குங்கள், சட்டத்தைத் திருத்துங்கள், அதற்குப் பிறகு பழையதை நிறுத்துங்கள். அந்த வரிசைகூடத் தெரியாமல் ஒரு நாட்டின் உயர்கல்வியை நடத்தக் கூடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருக்கிறது என்றது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சையே கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று திரும்பிப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கை விடுங்கள், நம் திருத்தணி முருகன் மலைக்கு வாருங்கள். ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டம் வடிந்த பிறகு, அந்த 365 படிகளில் ஏதோ ஒரு படியில் யாரோ ஒருவர் தங்கிப் போயிருப்பார். ஊர் பேர் சொல்லத் தெரியாது. பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். நகரியா, புத்தூரா, சித்தூரா, இல்லை ரயிலேறி எங்கிருந்தோ வந்தவரா, ஒருவருக்கும் தெரியாது. நம் ஜனங்கள் நல்ல ஜனங்கள். சோறு கொடுப்பார்கள், பழைய வேட்டி கொடுப்பார்கள். ஆனால் சோறு கொடுத்தவர்களால் அவரை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்ததா?

பயிற்சி பெற்ற ஒரு சமூகப்பணியாளர் அங்கே வந்தால் முதல் நாள் எதுவுமே கேட்க மாட்டார். பக்கத்தில் உட்காருவார். இரண்டாம் நாள் டீ வாங்கிக் கொடுப்பார். சாப்பிடும்போது எந்தக் குழம்பின் பேரைச் சொல்கிறார், எந்த அம்மனைக் கூப்பிடுகிறார், கையில் பச்சை குத்திய எழுத்து எந்த மொழி என்று கவனிப்பார். அதிலிருந்து தாலுகாவைப் பிடிப்பார், காவல் நிலையத்தில் காணாமல் போனோர் பட்டியலைப் பார்ப்பார், மருத்துவரிடம் அழைத்துப் போவார். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அவர் வாயாலேயே ஊர்ப் பெயரை வரவழைப்பார். அதோடு வேலை முடியாது. ஊருக்குப் போய், 'இவரைத் திரும்பச் சேர்த்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ' என்று பயப்படும் அண்ணன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். மாத்திரை நின்றுவிடாமல் மாதாமாதம் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது என்பதை அந்த வீட்டுக்குச் சொல்லி அடையாள அட்டை வாங்கித் தர வேண்டும். இத்தனையும் ஒரு தொழில். படித்துத்தான் வர வேண்டும்.

'சேவை செய்ய மனசு போதாதா, பட்டம் எதற்கு?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் ஏர்வாடியை நினைவூட்டுகிறேன். 2001 ஆகஸ்ட் 6, விடியும் முன்னே அங்கிருந்த மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட அப்பாக்களுக்கும் அண்ணன்களுக்கும் மனசு இல்லையா? கடன் வாங்கிக் கூட்டி வந்தார்கள், சாமியை நம்பி விட்டார்கள். அவர்களுக்கு இல்லாமல் போனது பாசம் இல்லை. வீட்டுக்கே வந்து, 'இது நோய், இதற்கு மருந்து இருக்கிறது, இந்த ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும், சங்கிலி வேண்டாம்' என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளைத்தான் இந்தப் படிப்பு உருவாக்குகிறது. அந்த ஆளைத்தான் வேண்டாம் என்கிறீர்கள்!

மனநலத்துக்கு மட்டும் இல்லை, இந்த ஆள் வேறு இடத்திலும் வேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் வாருங்கள். இருளர் பழங்குடிக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு உள்ளே போகும். வருடக் கணக்கில் வெளியே வராது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். விடுதலைச் சான்று கொடுக்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு இருக்கிறது. சான்று கையில் வந்தால்தான் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும், மறுவாழ்வுக்கு வழி பிறக்கும். ஆனால் விசாரணை எப்படி நடக்கிறது? முதலாளி பத்தடி தள்ளி நிற்கிறார். அதிகாரி கேட்கிறார்: 'இங்கே கஷ்டம் ஏதாவது உண்டாய்யா?' அந்த மனிதர் தலையைக் குனிந்து 'இல்லீங்க' என்கிறார். எழுதியாயிற்று, முடிந்தது!

பயிற்சி பெற்றவர் அப்படிக் கேட்க மாட்டார். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைப்பார். 'ஒரு நாளைக்கு எத்தனை கல் அறுப்பீங்க? ஆயிரத்துக்கு என்ன கூலி? வாங்கின பணத்துல எவ்வளவு கழிஞ்சிருக்கு, அந்த நோட்டு யார்கிட்ட இருக்கு? போன தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனீங்களா? ரேஷன் அட்டை எங்கே?' இப்படிக் கேட்பார். அந்தப் பெண் சொல்வாள்: கைநாட்டு வைத்த நோட்டு ஐயா வீட்டில் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. அந்த ஒரு பதிலில் வழக்கு நிற்கிறது. கேள்வி கேட்கும் இந்த வித்தையை எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுநிலை மாணவர் களப்பணியில் கற்கிறார். மழையோ வெயிலோ போய், பார்த்ததை இரவு உட்கார்ந்து எழுதி, ஆசிரியரிடம் காட்டி, 'ஏன் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்தாய்?' என்று திட்டு வாங்கிக் கற்கிறார். இதை ஆன்லைனில் கற்றுக்கொடுக்க முடியாது. நூறு பேருக்கு ஒரு ஆசிரியர் என்று போட்டும் நடத்த முடியாது.

செலவு அதிகம் என்கிறார்கள். அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கதவை ஒரே நாளில் பூட்டிவிடுவதும் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரின் இடத்தை நிரப்ப மாட்டார்கள். கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டுவார்கள், அவருக்கும் சம்பளம் மாதக் கணக்கில் வராது. படிப்பைச் சுயநிதிக்குத் தள்ளுவார்கள், கட்டணம் ஏறும். நெசவாளி வீட்டுப் பிள்ளையும் இருளர் வீட்டுப் பிள்ளையும் விலகிப் போவார்கள். கடைசியில் 'சேர்க்கை குறைந்துவிட்டது, படிப்பை நிறுத்துகிறோம்' என்று ஒரு சுற்றறிக்கை வரும். குறைத்தது யார்?

சேர்க்கை குறைய இன்னொரு காரணமும் உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, நீதிக் குழுமத்தில் நடுவரோடு சமூகப்பணியாளர்கள் இரண்டு பேர் உட்கார வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தவறு செய்ததாகக் கொண்டுவரப்படும் பிள்ளையின் வீட்டு நிலவரத்தை நன்னடத்தை அலுவலரோ, அவர் இல்லாவிட்டால் சமூகப்பணியாளரோ பதினைந்து நாளில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவிலும் சமூகப்பணியாளருக்கு இடம் இருக்கிறது; 1996இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. இத்தனை இடத்தில் ஆள் வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு, குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தொகுப்பூதியம், ஒப்பந்தம், வருடா வருடம் நீட்டிப்பு என்று இழுக்கிறீர்கள். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத தொழிலுக்கு எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்? வேலையை நிரந்தரம் ஆக்குங்கள், வகுப்பு தானாக நிறையும்.

இந்தப் படிப்பின் மேல் விழும் வெட்டு நம் மாநிலத்தோடு நிற்கவில்லை. இந்தியாவில் சமூகப்பணிக்கென்று தொடங்கிய முதல் கல்வி நிலையம் பம்பாயில் 1936இல் வந்தது. அதுதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். அங்கேயே 2024 ஜூன் கடைசியில் 55 ஆசிரியர்களுக்கும் 60 மற்ற ஊழியர்களுக்கும் பணிநீக்கக் கடிதம் போனது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. டாட்டா அறக்கட்டளை பணம் தருவதாகச் சொன்ன பிறகு இரண்டு மூன்று நாளில் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். இங்கேயோ, நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. கணக்கு முடங்கிய பல்கலைக்கழகத்தில் முதலில் வெட்டு விழுவது எந்தப் படிப்புக்கு? வருமானம் கொண்டுவராத படிப்புக்குத்தான்.

சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்த வந்தனா கோபிகுமார், தோழி வைஷ்ணவி ஜெயக்குமாரோடு சேர்ந்து 1993இல் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கினார். தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே குணமாகி வீடு திரும்பினார்கள். நடத்த லாபமில்லை என்று 1952இலேயே அந்தப் பள்ளியை மூடியிருந்தால்?

இந்தத் திருத்தணியில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. 1888இல் இந்த ஊரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் உதவித்தொகையில் படித்து வந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு 1948இல் தலைமை ஏற்றவர். கிராமத்து மக்களுக்காகவே கிராமியப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. வட எல்லைக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று இந்த மண் ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தது. எல்லையில் இருப்பதாலேயே நமக்கு இந்தப் படிப்பு இரட்டிப்பாக வேண்டும். வீடு இந்தப் பக்கம், ரேஷன் அட்டை அந்தப் பக்கம் என்று வாழ்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. ஒரு மாநில ஆஸ்பத்திரி அடுத்த மாநிலத்துக்குக் கைகாட்டும்போது நடுவில் நின்று பேச, இரண்டு மொழியும் தெரிந்த, சட்டம் படித்த ஆள் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மொழி இருக்கிறது. படிப்பைக் கொடுங்கள்!

ஆகவே மூன்று கோரிக்கை வைக்கிறோம். மாற்றுப் படிப்பு நடைமுறைக்கு வந்து, சட்டமும் திருத்தப்படும் வரை மனநல சமூகப்பணி எம்.ஃபில். சேர்க்கையை நிறுத்தக் கூடாது. சமூகப்பணித் துறைகளில் காலியான ஆசிரியர் இடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். வட எல்லை அரசுக் கல்லூரிகளில், அரசுக் கட்டணத்தில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்க வழி செய்ய வேண்டும். ஒரு மனு மானியக் குழுவுக்குப் போகிறது, ஒன்று உயர்கல்வித் துறைக்கு, ஒன்று நம் அரக்கோணம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு.

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். தமிழில் ஒரு கட்டும் தெலுங்கில் ஒரு கட்டும் இருக்கிறது. பெரியவர்களை முதலில் விடுங்கள். மாணவத் தோழர்களே, நீங்கள் மேசையில் உட்காருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டுங்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். படித்துக் காட்டாமல் ஒருவரிடமும் கைநாட்டு வாங்காதீர்கள்.