வாசற்படிச் சேம்பு

சேம்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கக் கூடும். கால்வாய் ஓரத்தில் தானாக முளைக்கிற செடிக்கு வானொலியில் ஒரு பேச்சா என்று கேட்பீர்கள். அப்படித் தானாக முளைத்ததை நம்பி நாங்கள் செய்யவிருந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2018ஆம் ஆண்டு எங்கள் பள்ளித் தோட்டத்தில் சேம்பு நன்றாக விளைந்திருந்தது. பெற்றோர்கள் கூடிய கோத்தோங் ரோயோங் நாளன்று எல்லாக் கிழங்கையும் தோண்டிப் புளிக்குழம்பு வைத்துவிட்டோம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நடவுக்கு ஒரு குட்டிக்கிழங்குகூட மிஞ்சவில்லை. விதையைத் தின்றவர்கள் நாங்கள், ஆசிரியர்கள்! பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு கன்று கொண்டுவரச் சொன்னோம். மறுநாள் ஒரு பையன் ஒரு சாக்கு நிறையக் கன்று கொண்டுவந்தான். இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய அம்மா ஓடிவந்தார். அவர் மருந்தடிக்கும் வேலை செய்பவர்.

"வாத்தியாரே, அதை நடாதீங்க. செம்பனைக் காட்டுக் கால்வாய் ஓரமெல்லாம் நேத்துதான் நாங்க மருந்து அடிச்சோம்" என்றார்.

நாங்கள் வாயடைத்து நின்றோம். கன்று பிழைத்ததோ இல்லையோ, அந்தத் தண்டைப் பிடுங்கி யாராவது ஒரு பிள்ளை வீட்டில் சமைத்திருந்தால்?

களைக்கொல்லி பட்ட இலை அன்றைக்கே வாடிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். எல்லா மருந்தும் அப்படி அல்ல. கிளைபோசேட் போன்ற மருந்து இலை வழியாக உள்ளே இறங்கி வேர், கிழங்கு வரை செல்லும். செடி மஞ்சளாக மாறுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை பார்வைக்கு நல்ல செடியாகவே நிற்கும். உள்ளே இறங்கிய மருந்து கழுவினால் போவதில்லை, வேகவைத்தாலும் அழிவதில்லை. பாராகுவாட் என்னும் கொடிய மருந்து 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது உண்மைதான். அதனால் கால்வாய் ஓரம் சுத்தமாகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. மற்ற மருந்துகள் இருக்கின்றன. ஆகவே சேம்பு வேண்டுமானால் வாசற்படிக்கு அருகில், நம் கையால் நட்ட சேம்பே வேண்டும். அது எந்த மண்ணில் நின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று நமக்குத் தெரியும்.

கன்றை எங்கே வாங்குவது? அண்டை வீட்டாரிடம் கேளுங்கள், அல்லது சந்தையில் சமையலுக்கு விற்கிற குட்டிக்கிழங்கில் முளை உள்ளதாகப் பொறுக்குங்கள். மலாய்க்காரர்கள் இதைக் கெலாடி என்பார்கள். கெலாடி இலையில் தண்ணீர் ஊற்றியதுபோல என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. எவ்வளவு சொன்னாலும் மனத்தில் ஒட்டாதவரைக் குறிப்பது. செடியை அடையாளம் காணவும் அது உதவும். உண்ணும் சேம்பின் இலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். இலை கீழ்நோக்கித் தொங்கும். தண்டு இலையின் பிளவில் சேராமல், சற்று உள்ளே தள்ளி இலையின் வயிற்றில் சேரும். பளபளப்பான பெரிய இலை வானத்தை நோக்கி நின்று, தண்டு பிளவிலேயே சேர்ந்திருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. சிவப்பும் வெள்ளையுமாகத் தொட்டியில் வளர்க்கும் அழகுச் செடியும் உணவல்ல.

இனிப் பிரித்து நடும் முறை. தாய்க்கிழங்கைச் சுற்றிக் கோழிமுட்டை அளவில் குட்டிகள் ஒட்டியிருக்கும். அவற்றைக் கையால் திருகினாலே பிரிந்து வரும். தாய்க்கிழங்கின் தலையையும் நடலாம். கிழங்கில் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி, இலைகளைக் களைந்து, தண்டில் ஒரு சாண் மட்டும் விடுங்கள். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி ஒரு நாள் நிழலில் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரவெட்டோடு நட்டால் அழுகிப்போகும். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பிறகு இரண்டடி இடைவெளியில் அரையடிக் குழி எடுத்து, மக்கிய சாணமோ குப்பையோ இட்டு நடுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் புதிய இலை சுருண்டு எழும். இரண்டாம் மாதம் மண் அணைக்க வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை அங்கே திருப்பிவிடலாம். சோப்பு அதிகமானால் வேண்டாம். மருந்து வந்த காலிப் பீப்பாயில் செடி வைப்பதும், அதில் தண்ணீர் பிடிப்பதும் கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரியே.

தொடர்மழையில் இலையில் பழுப்புப் புள்ளி தோன்றி வளையம் வளையமாகப் பரவினால் அது இலைக்கருகல் நோய். அந்த இலைகளை அறுத்துத் தொலைவில் புதைத்துவிடுங்கள். நெருக்கி நட்ட பாத்தியில்தான் அது வேகமாகப் பரவும்.

ஆறிலிருந்து ஒன்பது மாதத்தில் இலைகள் சிறுத்து மஞ்சளாகும். அப்போது தோண்டலாம். ஆனால் எல்லாவற்றையும் தோண்டாதீர்கள்! கெடாப் பக்கம் ஆண்டுத் தொடக்கத்தில் வறட்சி வரும். அந்த நாட்களில் இரண்டு மூன்று தூர்களை மண்ணிலேயே விட்டு, காய்ந்த லாலான் புல்லைக் கனமாகப் பரப்பி மூடிவையுங்கள். மேலே இலை காய்ந்தாலும் கீழே கிழங்கு உறங்கும். மழை விழுந்ததும் எழுந்துகொள்ளும். தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் குட்டிகளை எடுத்து, கழுவாமல், காயமில்லாதவற்றை மட்டும் காய்ந்த மணலோடு கூடையில் அடுக்கி, சமையலறைத் தாழ்வாரத்தில் காற்றுப்படும் நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை தடவிப் பார்த்து, மெத்தென்று ஆனதை எறிந்துவிட வேண்டும். பல மாதம் கூடையில் கிடக்காது. முளை தெரிந்தவுடன் நட்டுவிடுங்கள்.

சமையலில் ஓர் எச்சரிக்கை. சேம்பின் கிழங்கு, தண்டு, இலை எதையும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணக் கூடாது. அதற்குள் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்துகள்கள் உள்ளன. அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்துவதையே நாம் அரிப்பு என்கிறோம். தோல் சீவுமுன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தண்டாக இருந்தால் நாரை உரித்துவிடுங்கள். நன்றாக வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு புளிவிட்டுச் சமைக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்ணுவது நல்லது. குழந்தை தெரியாமல் கடித்துவிட்டால் வாயைக் குளிர்ந்த நீரால் கழுவிவிடுங்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

அந்தச் சாக்குக் கன்றுகள் முழுவதையும் அன்றே குழி வெட்டி ஆழமாகப் புதைத்தோம். மாலையில் அந்த அம்மா தம் வீட்டு வாசலில் வளர்த்த சேம்பிலிருந்து ஒன்பது குட்டிக்கிழங்குகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பள்ளிப் பாத்தி மீண்டும் தொடங்கியது அவற்றிலிருந்துதான். தோண்டுகிற நாளில் முதலில் கூடைக்குரிய குட்டிகளை அந்தப் பையன் எண்ணி எடுத்து வைப்பான். அதன் பிறகுதான் அடுப்பு மூட்டுவோம்.